பென்றோஸ் மாளிகையின் காவற்காரர்

ஹோதோர்ன், மெல்பேண்
21.4.1974

அன்புள்ள ரஞ்சினி அக்காவுக்கு,

இருவரும் சுகமாக வந்து சேர்ந்தோம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன். ஸ்டேஷனில் நீங்கள் அழுதபடி நின்றது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. மெரிலேண்ட்ஸில் இவ்வளவு மாதம் எங்களை வைத்துப் பார்த்தீர்கள். பிஸ்கற் தொழிற்சாலையில் இரவு வேலை செய்து, நித்திரை கெட்டு, கடைசியில் யாரோடும் பேசாமல் இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் நீங்கள் இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன்? இனி அப்படி வராது.

இந்த வேலைக்குப் பெயர் காவற்காரர். உங்களுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரியும். பழைய மாளிகை ஒன்றை ஒரு கட்டடக் கம்பனி வாங்கிச் சும்மா போட்டிருக்கிறது. குடிகாரர் உள்ளே புகாமல் பார்த்துக்கொண்டால் போதும். பின்பக்கத்து வேலைக்காரர் அறைகளில் நாங்கள் வாடகையில்லாமல் இருக்கலாம்.

வீடு ஒரு மேட்டின் உச்சியில் நிற்கிறது. இரண்டு மாடி. நடுவில் ஒரு சதுரக் கோபுரம், அதன் நாலு பக்கமும் வளைந்த யன்னல்கள். முன்பக்கம் முழுவதும் விறாந்தை. தூண்களுக்கிடையில் இரும்பை வார்த்துச் சேலைக்கரை மாதிரிப் பூவும் கொடியுமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கல்லுச் சுவர் என்றுதான் நான் நினைத்தேன். இவர் கிட்டப் போய் விரலால் தட்டினார். செங்கல்லுக்கு மேலே சாந்து பூசி, கல்லு மாதிரிக் கோடு கீறியிருக்கிறார்கள்.

பெட்டியைக் கீழே வைக்காமலே இவர் சொன்னார்: "யோகா, இது ஒரு வியாபாரி கட்டின வீடு. பிரபு கட்டினது இல்லை. பிரபுவெண்டால் இவ்வளவு காட்டத் தேவையில்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார் அக்கா. எவ்வளவு காலத்துக்குப் பிறகு!

அன்புத் தங்கை
யோகராணி


மெரிலேண்ட்ஸ், சிட்னி
12.5.1974

அன்புள்ள யோகாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்குத் தடிமனும் இருமலும் மட்டும். உன் கடிதம் கிடைத்தது.

கொழும்பில் அரசாங்கக் கட்டடங்களுக்கு வரைபடம் போட்ட மனிதன் இன்று ஒரு வெறும் வீட்டுக்குக் காவல் இருக்கிறார். ஊரில் கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்ல? கேட்டால், மெல்பேணில் ஒரு கட்டடக் கம்பனியில் இருக்கிறார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அத்தான் ரயில்வேயில் படம் வரையும் பகுதியில் ஒருவரைத் தெரியும் என்கிறார். பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்ளாவிட்டாலும் அந்த வேலைக்கு எடுப்பார்களாம். விக்னராஜாவிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்.

மெல்பேண் குளிர் பொல்லாதது. அந்த அறையில் ஹீற்றர் இருக்கிறதா? எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. டொக்டர் கொடுத்த குளிசையை விக்னராஜா ஒழுங்காகப் போடுகிறாரா? இதற்குப் பதில் எழுது.

அக்கா
ரஞ்சினி


ஹோதோர்ன்
30.6.1974

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். சின்னவனுக்குத் தடிமன் மாறிவிட்டதா? ஹீற்றர் இல்லை, ஆனால் குசினி அடுப்பை மூட்டினால் எங்கள் பகுதி முழுவதும் சூடாகிவிடுகிறது. அவ்வளவு பெரிய அடுப்பு. அதற்கு மேலே சுவரில் வரிசையாக மணிகள், ஒவ்வொரு மணிக்குக் கீழேயும் ஒரு அறையின் பெயர். கம்பிகள் எல்லாம் அறுந்துவிட்டன.

வீட்டைக் கட்டிய பென்றோஸ் இங்கிலாந்திலிருந்து கடைப் பையனாக வந்தவராம். தங்கம் தோண்ட எல்லோரும் ஓடியபோது அவர் தோண்டப் போகவில்லை. தோண்டப் போனவர்களுக்கு மண்வெட்டியும் கம்பளித் துணியும் விற்றார். பிறகு ஆட்டு ரோமம் வாங்கிக் கப்பலில் அனுப்பினார். துறைமுகத்துக்குள் தன் சரக்குக் கப்பல் வருகிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கோபுரம். கூரைக்குப் போட்ட கற்பலகை வேல்ஸிலிருந்து வந்தது, அறைகளில் குளிர்காயும் அடுப்புகளின் சலவைக்கல் இத்தாலியிலிருந்து. காணி விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில், மூத்த மகளின் கலியாணத்துக்கென்று வங்கியில் கடன்பட்டு ஒரு நடன மண்டபத்தையும் ஒட்டிக் கட்டினார். கொஞ்ச வருடத்தில் வங்கிகள் கதவை மூடிவிட்டன.

இதையெல்லாம் சொன்னது மிஸ் பென்றோஸ், அவருடைய கடைசி மகள். முதியோர் இல்லம் ஒன்றில் இருக்கிறார். இவர் எப்படியோ தேடிப் பிடித்து ஞாயிறுகளில் போய்ப் பேசுகிறார். ஒரு முறை நானும் போனேன். காது கேட்பது குறைவு, ஆனால் நினைவு தெளிவு.

"எங்களை யாரும் வெளியே துரத்தவில்லை," என்றார் கிழவி. "நாங்கள் உள்ளே உள்ளே போனோம். விறகு வாங்கக் கட்டாது என்று முதலில் நடன மண்டபத்தைப் பூட்டினோம். பிறகு மேல்மாடி. தம்பிமார் உலகச் சண்டைக்குப் போய்த் திரும்பாத பிறகு வரவேற்பறை. கடைசியில் நானும் அக்காவும் குசினிக்குப் பக்கத்து அறையில் இருந்தோம்."

அது நாங்கள் இப்போது படுக்கிற அறை.

அவர்கள் விற்ற பிறகு வீட்டைப் பலகையால் தடுத்து வாடகை அறைகளாக்கியிருக்கிறார்கள். இவர் அந்தத் தடுப்புகளுக்குப் பின்னால் தவழ்ந்து போய் அசல் சுவர்களைத் தேடி அளந்து வரைகிறார். வேலை செய்யும்போது பாடுகிறார்.

உங்கள் தங்கை
யோகா


மெரிலேண்ட்ஸ்
14.7.1974

அன்புள்ள யோகாவுக்கு,

இங்கே சுகம். நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். செத்துப்போன வெள்ளைக்காரனின் கூரை எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் மனுசன் குளிசை போடுகிறாரா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

ரயில்வே வேலைக்கு இந்த மாதக் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறார் அத்தான்.

ரஞ்சினி அக்கா


ஹோதோர்ன்
1.9.1974

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் வேண்டுகிறேன். பதில் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம். இங்கே ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. கையெல்லாம் வெடித்துவிட்டது.

கேட்டதற்குப் பதில். அவர் குளிசை போடுவதில்லை. வந்த கிழமையே நிறுத்திவிட்டார். அது போட்டால் கோடு நேராக வராது, கை கனக்கிறது என்றார். நான் வற்புறுத்தவில்லை. அக்கா, நான் கலியாணம் செய்த மனிதர் திரும்பி வந்திருக்கிறார். விடிய எழும்புகிறார், ருசித்துச் சாப்பிடுகிறார், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ரயில்வே வேலையைச் சொன்னேன். "இது முடியட்டும்" என்கிறார். பழைய கட்டடங்களைக் காப்பாற்ற இங்கே புதிதாகச் சட்டம் வந்திருக்கிறது. கம்பனி இந்த வீட்டை இடித்து மாடிக் குடியிருப்புக் கட்டப் போகிறது என்பதும் இப்போதுதான் தெரிந்தது. அயலவர்கள் சிலர் எதிர்த்து மனுப் போட்டிருக்கிறார்கள். நவம்பரில் விசாரணை. அதற்கு இவர் வரைபடங்களும் வரலாறும் தயாரிக்கிறார். கம்பனி மனேச்சருக்கும் தெரியும். "தாராளமாகச் செய்" என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

யோகா


ஹோதோர்ன்
13.10.1974

பெருமதிப்புக்குரிய அரியரத்தினம் அண்ணைக்கு,

விக்னராஜா எழுதுவது. நான் நல்ல சுகம். நீங்கள் சுகமா? ரயில்வே வேலைக்கு எனக்காக அலைந்ததற்கு நன்றி. இப்போது அதற்கு வர இயலாது.

அண்ணை, நவம்பர் விசாரணைக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும். இந்த வீட்டை எல்லோரும் ஒரு பணக்காரனின் பகட்டு என்றுதான் நினைக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் அது உண்மை. ஆனால் உள்ளே நடந்து பார்த்தால்தான் தெரியும். முன்வாசலில் நின்றால் கூடம் இருட்டு. பத்தடி நடந்தால் மாடிப்படியின் வண்ணக் கண்ணாடியிலிருந்து வெளிச்சம் தரையில் விழும். படி ஏறுகிறவர்கள் அந்த வெளிச்சத்துக்குள் ஏறிப் போவார்கள். அந்தப் படி ஒரு பக்கச் சுவரில் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறது, கீழே தாங்கல் இல்லை. அதை வரைந்தவன் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. தேடாத இடமில்லை. பென்றோஸின் பெயர் வாசலில் இருக்கிறது. வரைந்தவன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது.

ஒவ்வொரு அறையும் வரைந்துவிட்டேன். ஒவ்வொரு கதவும் எந்தப் பக்கம் திறக்கும் என்பது வரை. இப்போது நித்திரை அதிகம் தேவைப்படுவதில்லை. இதை வைத்துக்கொண்டு இங்கே கட்டடக் கலைஞராக என்னைப் பதியும்படியும் கேட்கலாம். இப்படியொரு வேலையைப் பார்த்த பிறகு எப்படி மறுப்பார்கள்?

வாருங்கள் அண்ணை. எங்களவர் ஒருவராவது அந்த மண்டபத்தில் இருக்க வேண்டும்.

தங்கள் அன்பின்
விக்னராஜா


மெரிலேண்ட்ஸ்
15.12.1974

அன்புள்ள யோகாவுக்கு,

உங்கள் இருவருடைய சுகத்தையும் அறிய ஆவல். விசாரணைக்கு அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை என்று தந்தி கொடுத்திருந்தோம். கிடைத்ததா? பிறகு இரண்டு கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

விக்னராஜாவின் கடிதத்தை அத்தான் வாசித்துவிட்டு நல்ல எழுத்து என்றார். எனக்குப் பயமாக இருந்தது. என்ன நடந்தது என்று எழுது. இரண்டு வரி போதும்.

ரஞ்சினி அக்கா


ஹோதோர்ன்
19.1.1975

அன்புள்ள அக்காவுக்கு,

தந்தி கிடைத்தது. அத்தான் மனம் வருந்த வேண்டாம். வராதது நல்லது.

விசாரணைக்குக் கொழும்பில் தைத்த கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். நான் கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். கம்பனியின் கட்டடக் கலைஞர் முதலில் பேசினார். வீடு ஒரு கலப்படப் பாணி, பிறகு கட்டிய மண்டபம் பொருந்தவில்லை, கோபுரம் ஈரம் குடித்துவிட்டது என்றார். பிறகு இவருடைய முறை. படங்களை மேசை முழுவதும் விரித்தார். விசாரணைத் தலைவர் குனிந்து பார்த்து, மிக அழகான வேலை என்றார். இவர் முகத்தை நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும்.

பிறகு தலைவர் கேட்டார், நீங்கள் இங்கே பதிவு பெற்ற கட்டடக் கலைஞரா என்று.

இவர் இல்லை என்றார். கொழும்பில் செய்த வேலைகளைச் சொல்லத் தொடங்கினார்.

"மன்னிக்கவும். அப்படியென்றால் எந்த முறையில் பேசுகிறீர்கள்?"

கம்பனி மனேச்சர் தன் கதிரையில் இருந்தபடியே சொன்னார்: "அவர் எங்கள் காவற்காரர்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காவற்காரரின் கருத்தாக எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். இவர் காவற்காரராகவே பேசினார், மிகச் சுருக்கமாக. ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு மணி நேரந்தான் லீவு தந்திருந்தார்கள். பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். வீடு வந்தபோது படங்களைச் சுருட்டி வைத்துவிட்டு முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

கிறிஸ்மஸுக்கு முன் தீர்ப்பு வந்தது. இடிக்கலாம். மிஸ் பென்றோஸ் அதற்கு முந்தின கிழமையே இறந்துபோனார்.

பிறகு மனேச்சர் வந்தார். கண்ணாடி, சலவைக்கல், கதவுகள் எல்லாவற்றையும் உடையாமல் கழற்றி விற்க வேண்டுமாம். இந்த வீட்டை இவரைவிடத் தெரிந்தவர் இல்லை, படங்களும் இருக்கின்றன, வேலையை இவரே நடத்தட்டும் என்றார். முடியும்வரை நாங்கள் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் மாதக் கடைசியில் வெளியேற வேண்டும்.

இவர் என்னைப் பார்த்தார். எங்களுக்குப் போக இடமில்லை அக்கா. என் கைகளைப் பார்த்தேன். "எடுங்கோ" என்று சொன்னேன்.

"ஓம்" என்றார்.

யோகா


மெரிலேண்ட்ஸ்
9.2.1975

அன்புள்ள யோகாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தை வாசித்து அழுதேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். நடந்ததும் ஒரு வகையில் நல்லதற்குத்தான். கடைசியில் ஒரு கம்பனி அவரை நம்பிப் பொறுப்புக் கொடுத்திருக்கிறது. கழற்றுகிற வேலை என்றாலும் வேலைதானே. மனத்தைத் தேற்றிக்கொள்.

வேலை முடிந்ததும் இங்கே வந்துவிடுங்கள். டூங்கபிப் பக்கம் புது வீடுகள் கட்டுகிறார்கள். எல்லாம் ஒரு மாடி, சுத்தமான வீடுகள். விக்னராஜாவுக்கும் பிடிக்கும்.

அக்கா
ரஞ்சினி


ரிச்மண்ட், மெல்பேண்
22.6.1975

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் பிறகு போட்ட கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. பதில் எழுத இருப்பேன். சுகமா என்று ஒரு வரி எழுதிவிட்டு எழும்பிவிடுவேன். இன்று முழுவதையும் எழுதுகிறேன்.

வீட்டை அவர் கழற்றியதைப் பார்த்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கூரைக் கற்பலகையில் தொடங்கினார். வண்ணக் கண்ணாடியை ஈயம் நெளியாமல் இறக்கினார். மாடிப்படியைத் தானே நின்று ஒவ்வொன்றாக எடுத்தார், வேறு ஒருவரையும் தொட விடவில்லை. எல்லாவற்றுக்கும் பின்னால் வெள்ளைக்கட்டியால் இலக்கம் போட்டார். வேலையாட்களின் தலைவன், இதெல்லாம் எதற்கு என்று கேட்டான். வாங்குகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். சலவைக்கல் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு, கண்ணாடி ஒரு மதுக்கடைக்கு, கூடத்துத் தரையோடுகள் ஒரு பல் டொக்டரின் குளியலறைக்கு.

"திருப்பிச் சேர்க்கேக்கை தேவைப்படும்" என்றார் இவர் என்னிடம்.

"ஆர் சேர்க்கப் போகினம்?"

குழந்தைப்பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

கடைசியில் கோபுரத்தில் இரும்புக் கயிறு கட்டி இழுத்து விழுத்தினார்கள். அன்றைக்கு வந்து முகம் கழுவி, சோறு சாப்பிட்டு, "நல்லாத்தான் கட்டியிருக்கிறாங்கள், லேசிலை விழயில்லை" என்றார். அழவில்லை. நான் நிம்மதியடைந்தேன். என்ன மனுசி நான்!

இங்கே ரிச்மண்டில் ஒரு அறை எடுத்தோம். காலையில் கோட்டுப் போட்டுக்கொண்டு வேலை தேடப் போகிறேன் என்று போவார். பொழுதுபட வருவார். கால் சப்பாத்தில் சேறு இருக்கும். இந்த ஊரில் எப்போதும் மழைதானே என்று நினைத்து நான் ஒன்றும் கேட்கவில்லை. சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்யும் ஒரு கிரேக்கப் பெண் ஹோதோர்னில் இருக்கிறாள். அவள்தான் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இடித்த வீட்டுக் காணிக்குள் அவர் தினமும் நடமாடுவதாகச் சொன்னாள்.

வேலையை இடையில் விட்டுவிட்டு அங்கே போனேன். வேலியில் ஒரு பலகை கழன்றிருந்தது. உள்ளே வெறும் நிலம். எல்லாவற்றையும் அள்ளி மட்டப்படுத்திவிட்டார்கள். தூறல். நடுவில் இவர் நின்றார். ஒரு இடத்தில் சப்பாத்தைத் துடைத்தார். கையை நீட்டி ஒரு கதவைத் திறந்தார். உள்ளே போய்த் திரும்பி நின்று மூடினார். நேரே நடந்து, இடப்பக்கம் திரும்பி, இன்னொரு கதவு. சுவர் இருந்த இடம் ஒன்றைக்கூட அவர் கடக்கவில்லை.

நான் குறுக்கே ஓடினேன். கையை உயர்த்தித் தடுத்தார்.

"யோகா, உதாலை வராதை. உது சுவர். சுத்தி வா."

சுற்றித்தான் போனேன் அக்கா. வேறு என்ன செய்வேன்? வாசல் இருந்த இடத்தால் போய்க் கூடத்துக்குள் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அவருக்குச் சந்தோசம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேலை போய்ப் பாப்பம்" என்றார். மாடிப்படி இருந்த இடத்தில் காலைத் தூக்கி வைத்தார். கால் சேற்றில் விழுந்தது. மறுபடி தூக்கினார். மறுபடியும். எத்தனை முறை தூக்கினாரோ தெரியாது. பிறகு நின்று கீழே பார்த்தார்.

"படி எங்கை யோகா?"

அவருடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"ஆர் கழட்டினது?"

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்தச் சேற்றிலேயே இருந்துவிட்டார். பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்துதான் தூக்கினார்கள். மரியாதையாகத்தான் தூக்கினார்கள்.

இப்போது மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் இருக்கிறார். கட்டிலிலிருந்து எழும்பவே ஒரு மணி நேரம் எடுக்கும். மருந்து கொடுக்கிறார்கள். தலைக்கு மின்சாரம் கொடுக்கவும் சம்மதம் கேட்டார்கள், சம்மதித்தேன். டொக்டர் நல்லவர். நாள் எடுக்கும் என்கிறார், எத்தனை நாள் என்று சொல்வதில்லை. கையில் பென்சில் கொடுத்துப் பார்த்தார்களாம். எந்த இடத்தில் வைத்தார்களோ அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தாராம்.

நீங்களும் அத்தானும் ரயிலேறி வரப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வர வேண்டாம் அக்கா. கோபத்தில் சொல்லவில்லை. போன ஞாயிறு அந்தக் கிரேக்கப் பெண் என்னோடு அவரைப் பார்க்க வந்தாள். அந்நிய மனுசி வந்திருக்கிறாள் என்று தெரிந்து, மரியாதைக்கு எழும்பி நிற்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு அவளைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். நீங்கள் வந்தால் உங்களுக்கும் அப்படிச் சிரிக்கப் பார்ப்பார். அதை இன்னொரு முறை பார்க்க என்னால் ஏலாது.

பிள்ளைகளைக் குளிரில் கவனமாக வைத்திருங்கள்.

உங்கள் தங்கை
யோகா